அம்மாவுக்கு, ரஞ்சித்குமாருடன்

பெண்கள் விடுதி,
நாமக்கல் பக்கம்.
6.11.2024

டேய் பூவரசா,

தீபாவளி லீவில் உன்னிடம் கொடுத்த நோட்டு பத்திரமாக இருக்கிறதா? அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடு. இங்கே போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையிலிருந்து அஞ்சு நிமிஷம், அதுவும் வீட்டுக்கு மட்டும். அதனால்தான் கடிதம்.

ஒரு சிக்கல். அந்த நோட்டு முழுக்க எங்கப்பாவைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். கதை மாதிரி இருக்கட்டும் என்று 'அன்பு குட்டியானை வண்டியை எடுத்தார்', 'அன்பு பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குப் போனார்' என்று அப்பா பேரையே போட்டு எழுதிவிட்டேன். இப்போதுதான் உறைத்தது. எங்கம்மாவுக்கு மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் கார்டைத் தூக்கிக் காட்டுவாள். அப்பா செத்த அன்று ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். புத்தகத்தில் அந்தப் பேர் வந்தால் ஒவ்வொரு வரியிலும் நின்றுவிடுவாள்.

அதனால் அப்பா பேரை மாற்றிவிடு. ஏதாவது நல்ல பேராக நீயே போடு. டிசம்பர் எட்டு, அப்பாவின் இரண்டாம் வருஷத் திதி. அதற்குள் புத்தகம் அம்மா கையில் இருக்க வேண்டும்.

இது விளையாட்டு இல்லை பூவு. பிளஸ் டூ வரைக்கும்தான் ஃபீஸ் கட்டுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மகன் முருகேஷோடு கல்யாணம். நாங்கள் இருப்பது மாமா நிலத்தில், அவர் கட்டிய வீட்டில். அம்மாவைத் தவிர எனக்காக அவரிடம் பேச ஆளில்லை. என்னை டீச்சருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். அம்மா அதைத் தன் வாயால் படித்தால் கூடப்பிறந்த மாமாவிடம் ஒரு வார்த்தை பேசுவாள். அதற்காகத்தான் இந்தப் புத்தகமே.

பிழை பார்த்து அனுப்பு.

எழிலரசி


கம்பைநல்லூர்,
19.11.2024

என் கண்ணே எழிலரசி,

உன் சசிகலா சித்தி எழுதிக்கொள்வது. (உறவுக்காரர் கடிதம் என்றால் வார்டன் பிரிக்க மாட்டார் என்றாயே, அதனால் உறையின்மேல் இன்றுமுதல் நான் உனக்குச் சித்தி. மீசை முளைக்கிற வயதில் இப்படி ஒரு பதவி உயர்வு.)

நோட்டு பத்திரம். டீ கிளாஸ் வைக்கவில்லை, போண்டாதான் வைத்தேன். அறுபத்து நான்கு பக்கம், என் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், ஒற்றை விரலால் அடித்து முடித்தேன். அந்த விரலுக்கு ஒரு சமர்ப்பணப் பக்கம் கேட்டேன், நீ ஏற்கெனவே அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாய்.

சென்னையில் ஒரு கம்பெனி. ஆயிரம் பிரதி, ஐந்நூறு பிரதி என்ற பேச்சே இல்லை. நாமே ஃபைலை ஏற்ற வேண்டும், நாமே அட்டை போட வேண்டும், ஒன்று கேட்டால் ஒன்று அச்சடித்து அனுப்புவார்கள். இட்லிக் கணக்கு இல்லை, தோசைக் கணக்கு. ஆள் உட்கார்ந்த பிறகுதான் மாவையே ஊற்றுவார்கள். ஐந்து தோசை சொல்லியிருக்கிறேன். நேராக உன் வூட்டுக்கே பார்சல் போகும்.

பேர் மாற்றுவது பெரிய வேலை என்று பயந்தாயா? 'தேடு', 'மாற்று', 'எல்லாவற்றையும் மாற்று', மூன்று அமுக்கு. '143 இடங்களில் மாற்றப்பட்டது' என்றது. 143! கம்ப்யூட்டருக்கே யார்மேலோ ஒரு 'இது' போல. பிறகு சில இடத்தில் வேற்றுமை உருபு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் மூன்று அமுக்கில் சரி செய்தேன். தமிழய்யா பார்த்திருந்தால் அழுதிருப்பார், ஆனந்தமாக.

என்ன பேர் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சஸ்பென்ஸ். புத்தகத்தில் பார்த்து நீ என்னை அடிக்க நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறுவாய்.

கடைசியில் ஒரு பொத்தான் வந்தது. 'மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் தருக.' எழுதியது நீ, எல்லாம் மெய்யாகத்தான் இருக்கும் என்று ஒப்புதல் தந்துவிட்டேன்.

பின்னட்டைக்கு நீ குறித்துக் கொடுத்த வரியையே போட்டேன். ஆசிரியர் படம் கேட்டார்கள். ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவில் உன் தலை கிடைத்தது, மூக்கொழுகாத பக்கமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
பூவரசன் என்கிற சித்தி


கம்பைநல்லூர்,
9.12.2024

எழில்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்குப் பேசியபோது அம்மா போனை எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று நான்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பார்சல் சனிக்கிழமையே வந்துவிட்டது. மாமா பிரிக்காமல் வைத்திருந்தார். நேற்று படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். உன் மாமா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, ரிப்பன் வெட்டுகிற மாதிரி வெட்டினார்.

"எம் மருமவ புக்கு போட்டிருக்கா. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் வூட்டுப் புள்ள போட்டிருக்கு, சொல்லுங்க பாக்கலாம்? பாஞ்சாலி, மொதப் பக்கத்தப் படி. சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கணும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"அம்... மா... வுக்... கு."

எல்லோரும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரஞ்... சித்... கு... மா... ரு... டன்."

அடுத்த வரி. "எழி... லர... சி."

நான் சிரித்தேன் எழில். சிரித்தது நான் மட்டும்தான் என்று தெரிவதற்குள் சிரித்து முடித்துவிட்டேன்.

"அதாருங்க அது, ரஞ்சித்குமாரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

மாமா புத்தகத்தை வாங்கித் திருப்பினார். பின்னட்டையைத் தானே படித்தார். 'இந்த உலகத்தில் ரஞ்சித்குமார் ஒன்றே எனக்குப் போதும். ரஞ்சித்குமாருக்காக நான் எதையும் விட்டுவிடுவேன்.' படித்து முடித்ததும் யாரையும் பார்க்காமல் அஞ்சு புத்தகத்தையும் பார்சல் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேடினார்கள்.

இது கம்ப்யூட்டர் செய்த தப்பு. அப்பா பேரை மாற்று என்று சொன்னேன், அது வார்த்தையையும் சேர்த்து மாற்றிவிட்டது. நீ 'அம்மாவுக்கு, அன்புடன்' என்றுதானே எழுதியிருந்தாய். அதற்குப் பேர் எது, வார்த்தை எது என்று தெரியவில்லை.

சரி செய்துவிடலாம். ஃபைல் நம்மிடம்தான் இருக்கிறது. பயப்படாதே.

பூவரசன்


விடுதி,
16.12.2024

பூவரசா,

மாமா புதன்கிழமை இங்கே வந்தார். வகுப்பு நடக்கும்போது கூப்பிட்டு அனுப்பினார்கள். வார்டன் எதிரில் என் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நோட்டாக உதறிப் பார்த்தார். உன் 'சித்தி' கடிதம் இரண்டும் கணக்குப் பாடப் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்ததால் தப்பித்தன. கிடைத்திருந்தால் எனக்கு இரண்டாவதாக ஒரு ஆண்பிள்ளை பேரும் சேர்ந்திருக்கும்.

"அவன் எந்தத் தெரு?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். நான் சொல்லிக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

அது அப்பாவைப் பற்றிய புத்தகம் மாமா என்றேன். "உங்கப்பன் பேரு ரஞ்சித்குமாரா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வாய், நீயே சொல்.

நான் அப்பா பேரை மாற்றச் சொன்னேன். அன்பையே மாற்று என்று சொல்லவில்லை. அதைக் கம்ப்யூட்டர்மேல் போடாதே. கம்ப்யூட்டருக்கு அந்தப் பேரைத் தெரியாது. பத்தாம் வகுப்பில் ரஞ்சித்குமார் என்னிடம் அறிவியல் நோட்டு கேட்டான். அதற்காக வருஷம் முழுக்கக் கரும்பலகையில் எங்கள் இரண்டு பேர் பேரையும் எழுதி வைத்தது யார்? நீதானே? அவன் அதற்குப் பிறகு என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

எத்தனையோ பேர் இருக்கிறது. 'அப்பா' என்று போட்டிருந்தாலே போதும். 'அம்மாவுக்கு, அப்பாவுடன்' என்று வந்திருக்கும். அதைப் படித்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அரையாண்டு லீவுக்கு என்னைக் கூப்பிட்டுப் போக மாமாவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டி படுக்கையோடு தயாராக இருக்கச் சொன்னார். படுக்கை எதற்கு என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

நீ அம்மாவிடம் போ. மாமா இருந்தாலும் பரவாயில்லை. உன் வாயால் உண்மையைச் சொல்.

எழிலரசி


கம்பைநல்லூர்,
27.12.2024

எழில்,

இதைப் பால் சொசைட்டிக்கு வரும் பாரதி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வீட்டுக்கு வந்துவிட்டதாக அவர்தான் சொன்னார். படுக்கையும் வந்ததாம்.

நான் போன வாரமே போனேன். நீ வருவதற்கு முன்னால். மாமா களத்தில் மோட்டார் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி வழியிலேயே திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை என்பதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்.

"அந்த புக்குல இருக்கறது எழிலு எழுதுனதில்லைங்க. கம்ப்யூட்டர்ல பேரு மாறிப்போச்சுங்க."

"ஏன்டா, கம்ப்யூட்டரு அதுவாவா பேரு வெக்கும்? அதுக்கு ரஞ்சித்குமாரத் தெரியுமா?"

"நாந்தாங்க வெச்சேன்."

"ஆரு சொல்லி வெச்ச?"

"எழிலுதாங்க பேர மாத்தச் சொல்லுச்சு..."

மீதியைச் சொல்ல விடவில்லை. "கேட்டியா பாஞ்சாலி? அவளேதான் சொல்லிருக்கா" என்றார். உண்மையைத்தான் சொன்னேன், ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அது இப்படிப் போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

ஆதாரம் காட்டினேன். பதினோராம் பக்கத்தில் 'அன்புள்ள அம்மா' என்று நீ எழுதியது 'ரஞ்சித்குமார்ள்ள அம்மா' என்று அச்சாகியிருக்கிறது. இப்படி ஒரு வார்த்தை தமிழிலேயே இல்லைங்க, இது மெஷின் செய்ததுதான் என்றேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ரஞ்சித்குமாரு உள்ளன்னு போட்டிருக்கு. மனசுக்குள்ளங்கறா" என்றார்.

அம்மா ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றாள்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து, உன் நோட்டைப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். அப்பா பேரும் அப்படியே, வார்த்தையும் அப்படியே. திரும்ப ஏற்றிவிட்டேன். நாலைந்து நாளில் வந்துவிடும். அதைப் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்?

ரஞ்சித்குமார் கடைக்கு வந்தான். அடிப்பான் என்று கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அடிக்கவில்லை. "எம் பேரு உன்னைய என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டான். அவனை ஓசூரில் மாமன் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அவங்கப்பா ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டாராம். அவன் பள்ளியிலேயே முதல் மார்க் எழில்.

அவன் கேட்டதற்கு உனக்குச் சொல்கிறேன். சிரிப்பு வரும் என்று போட்டேன். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

பூவரசன்


மாமா தோட்டம்,
14.1.2025

பூவரசா,

இரண்டாவது பார்சல் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது.

முதல் பக்கத்தில் நீ 'இரண்டாம் பதிப்பு' என்று போட்டிருக்கிறாய். மாமா அதிலேயே நின்றுவிட்டார். "ஒரு மாசத்துல ரெண்டாம் பதிப்பா? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் மாத்தி அடிச்சு அனுப்பிட்டீங்களா?" என்றார். பழையதையும் புதியதையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறியிருக்கிற இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். நூற்று நாற்பத்து மூன்று கோடு. என் தமிழ் டீச்சர்கூட என்னை இவ்வளவு கவனமாகத் திருத்தியதில்லை. நேற்றுவரை எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். இப்போது மாமா அந்த இரண்டையும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பொய் சொல்கிறவர்கள்தான் மாற்றுவார்கள் என்பது அவர் கட்சி. கேட்டால் கேட்டபடி அச்சடித்துக் கொடுப்பார்கள் என்று தெரிந்த பிறகு எந்தப் புத்தகத்தை யார் நம்புவார்கள்?

அம்மாவிடம் புதியதைக் கொடுத்தேன். வாங்கினாள். 'அம்மாவுக்கு' என்று கூட்டினாள். அடுத்த வார்த்தையில் நின்றுவிட்டாள். அது அப்பா பேர். அம்மா வாயால் அதைச் சொல்ல மாட்டாள். அப்பா பேர் இல்லாமல் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா என்னிடம் 'பிரியம்' என்பாள், 'பாசம்' என்பாள். இதை மட்டும் சொன்னதே இல்லை.

"பாத்தியா, பெத்தவளாலயே படிக்க முடியல" என்றார் மாமா.

அம்மா புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

எழிலரசி


கம்பைநல்லூர்,
2.2.2025

எழில்,

வேடிக்கையாக ஒரு வரி எழுதினாலும் கை கூசுகிறது.

1098 சைல்டு லைனுக்குப் போன் பண்ணட்டுமா? பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஆபீசர்கள் வருவார்கள். நான் என் பேர் சொல்லியே பண்ணுகிறேன். அல்லது உன் ஹால் டிக்கெட்டை மட்டும் வாங்கிக் கொடுக்கட்டுமா? பரீட்சை அன்றைக்கு என் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வரப்பு முனைக்கு வந்து நிற்கிறேன். நாமக்கல் ரெண்டரை மணி நேரம்தான்.

ஃபைலை அழித்துவிட்டேன். கம்பெனிப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். 'உங்கள் நூல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது, மீண்டும் வெளியிட எப்போது வேண்டுமானாலும் வருக' என்று வாழ்த்து அனுப்பினார்கள்.

அம்மாவிடம் நீ தனியாகப் பேசிப் பார்த்தாயா? அம்மா நம்பினால் போதும் எழில். மாமா எப்படியோ போகட்டும்.

பூவரசன்


மாமா தோட்டம்,
24.2.2025

பூவரசா,

1098 வேண்டாம். மாமா விவரமானவர். கல்யாணம் என்று வாயெடுக்கவே இல்லை. "பதினெட்டு முடியட்டும், சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்று வருகிறவர்களிடம் அவரே சொல்கிறார். படிப்பை நிறுத்தியதற்குக் கேட்டால், பொண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் அம்மா கையெழுத்து இருக்கிறது. அதை அம்மா எழுத்துக் கூட்டித்தான் போட்டிருப்பாள்.

வண்டி எடுத்துக்கொண்டு வராதே. உன்னோடு நான் போனால் அவர்கள் சொன்னது எல்லாம் உண்மையாகிவிடும். பேர் மட்டும்தான் மாறும்.

அம்மாவிடம் பேசினேன். நேற்று மதியம், தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். நீயாவது நம்பும்மா, அது அப்பாதாம்மா என்றேன். அம்மா கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதாடி? மொத நாளு ராத்திரியே, எல்லாரும் தூங்குனப்பறம் பெட்டியத் தொறந்து, கூட்டிக்கூட்டி முழுசும் படிச்சிட்டேன். வண்டி ரிப்பேராயி நின்னப்ப, மழையில பெட்டிங்களுக்கு நடுவுல என்னைய உக்கார வெச்சு, தார்ப்பாயப் போத்தி, விடியவிடியப் பாட்டுப் பாடுனது எந்த ரஞ்சித்குமாரு? அது ஆருன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு ஏம்மா மாமாகிட்ட சொல்லல? பேரச் சொல்லணுமேன்னா? என்று கேட்டேன்.

"பேரு என்ன பேரு. வேணும்னா இப்பவே சொல்லிருவேன். செத்தவருக்கு என்ன வந்துருது?" என்றாள். உடனே சொல்லவும் செய்தாள். அன்பு என்று. ஒரே ஒரு தடவை, செடியைப் பார்த்துக்கொண்டு. என் பதினேழு வயதில் அம்மா வாயில் நான் அதைக் கேட்டது அதுதான்.

"சொல்லி? உம் மவ நல்லவதான், படிக்கட்டும்னு உங்க மாமன் விட்டுருவானா? அப்பறம் நெலத்த விட்டு எறங்குன்னுவான். நானு எங்க எறங்கறது? அவனுக்கு இது கெடச்சுது. இது இல்லாட்டி வேறொண்ணு."

இரண்டு வரிசை முடிக்கும்வரை நான் அழுதேன், அவள் கயிறு கட்டினாள்.

ஆக, உன்னால்தான் என்று நினைத்துக் குமைந்துகொண்டிருக்காதே. மன்னித்துவிட்டதாக எழுதவும் எனக்கு வரவில்லை. இரண்டும் இல்லாமல் இருக்கிறது. அம்மா நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஏதோ ஒரு வேலை மிச்சமிருந்தது. நம்ப வைக்க வேண்டும் என்ற வேலை. அதுவும் இப்போது இல்லை.

இனிமேல் எழுதாதே. பாரதி அக்காவைச் சொசைட்டியில் யாரோ விசாரித்திருக்கிறார்கள்.

மார்ச் மூன்றாம் தேதி பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை. உனக்கும் அன்றைக்குத்தானே. ஒழுங்காக எழுது, கிண்டல் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. இங்கே அன்றைக்குத் தக்காளி முதல் பறிப்பு. ஆள் பத்தாது என்று மாமா என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். வெயிலுக்குப் போட்டுக்கொள்ள அம்மா அப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்றைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். கை எனக்கு நீளமாக இருந்தது. காலையில் பார்த்தேன், இரண்டு கையையும் என் அளவுக்கு மடித்துத் தைத்துவிட்டாள்.

எழிலரசி